சக்கர நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர்
(டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வாழ்க்கை)

நம் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்தாகிவிட்டது, மதுரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று வீட்டார் கலங்கி நிற்கும்போது, வேலூருக்குக் கொண்டு போய்ப் பாருங்களேன் என்று யாராவது ஒருவர் சொல்லுவார். இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை 1918-ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றி நாம் பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். அதே கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து, மருத்துவராகி, நோயாளியாகி, மறுபடியும் மருத்துவரான மேரி வர்கீஸ் அம்மையாரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

அம்மையார் 1925-ஆம் ஆண்டு கொச்சிப் பகுதியிலுள்ள செறாய் என்ற ஊரில், வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, 1946-ஆம் ஆண்டு வேலூருக்கு வந்து மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். அங்கே ஆண் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான். ஆகவே பெண்கள் மட்டுமே பயின்ற காலத்தின் கடைசி மாணவியருள் அவரும் ஒருவர். படிப்பு முடிந்ததும் மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பிரசவங்களும் பெண்களுக்கான அறுவை சிகிச்சைகளுமாகத் தம் எதிர்காலம் கழியும் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

1954-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அந்த எண்ணம் ஒரே நாளில் குலைந்து போயிற்று. விடுமுறை நாளொன்றில் சக மருத்துவர்களுடன் அவர் உல்லாசப் பயணம் சென்ற வண்டி வழியிலே கவிழ்ந்தது. மற்றவர்களுக்கும் அடிபட்டது. அவருக்கு முகத்தில் பெரிய காயம். அதைவிடக் கொடியது முதுகெலும்பில் பட்ட அடி. தண்டுவடம் நசுங்கியதால் இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

தண்டுவடம் என்பது மூளையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் நரம்புக் கற்றை. கையில் வெட்டுப்பட்டால் தோல் கூடிவிடும். எலும்பு முறிந்தாலும் பொருந்திவிடும். அறுபட்ட தண்டுவடமோ மறுபடி சேர்வதில்லை. இன்றைய மருத்துவத்துக்கும் இது எட்டாத கனியாகவே இருக்கிறது. முதல் உலகப் போரில் இப்படி அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் மாண்டு போனார்கள். அவர்களைக் கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீரகத்தில் ஏறிய சீழும்தான். உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் தோல் செத்துவிடுகிறது. வலி இல்லாததால் அது நோயாளிக்கே தெரிவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவென்றும் பகலென்றும் பாராமல், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இந்த எளிய விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்ததாலேயே ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். இதிலே மருத்துவரின் பங்கைவிடச் செவிலியரின் பங்கே பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது.

மேரி அம்மையார் அடிபட்டது வேலூர் மருத்துவமனைக்கு அருகில் வாழ்ந்த காலத்தில் என்பது ஒரு வகையில் நல்லதாயிற்று. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ஆம் ஆண்டு அங்கேதான் தொடங்கியிருந்தார். மாதக்கணக்கில் சிகிச்சை நடந்தது. முதுகில் அறுவை சிகிச்சைகளும் செய்தார்கள். உயிர் தங்கியது, கால்கள் திரும்பவில்லை. இனி நடக்க முடியாது என்பது ஒரு மருத்துவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தியா? மற்ற நோயாளிகளுக்காவது சில நாட்கள் பொய் நம்பிக்கை என்னும் போர்வை கிடைக்கும். அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. தாம் படித்த படிப்பெல்லாம் வீண், பிறருக்குப் பாரமாகக் கிடப்பதற்கா பிழைத்தோம் என்ற மனச்சோர்வு அவரை நெடுநாள் வாட்டியது.

இந்த இடத்தில்தான் டாக்டர் பால் பிராண்ட் வருகிறார். ஆங்கிலேயப் பெற்றோருக்கு நம் கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1946-ஆம் ஆண்டு வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப் போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையைக் கண்டவர். இல்லாமற்போனதை எண்ணிக்கொண்டிராமல் மிச்சம் இருப்பது என்ன என்று பார்க்கும்படி அவர் மேரியிடம் சொன்னார். மிச்சம் இருந்தவை இரண்டு நல்ல கைகள், படித்த மூளை. கைகளில் செய்யும் அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை. உட்கார்ந்தபடியே செய்யலாம். ஆகவே தொழுநோயாளிகளின் கைகளை நீர் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார்.

ஊனமுற்ற ஒருவரை ஆறுதல் சொல்லித் தட்டிக் கொடுப்பது எளிது. அவர் கையில் கத்தியைக் கொடுத்து நோயாளியின் முன் உட்கார வைக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! பால் பிராண்டின் பெருந்தன்மையை இதில் காண்கிறோம். ஆனால் அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டவரின் துணிவு அதைவிடப் பெரிது என்பதே நம் கருத்து.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு கெட்டால் விரல்கள் கொக்கி போல் மடங்கிவிடும். அந்தக் கையால் சோற்றைப் பிசைய முடியாது, வணக்கம் சொல்லக் கூட விரல் நிமிராது. ஆனால் முன்கையில் உள்ள சில தசைகள் கெடாமல் இருக்கும். அவற்றில் ஒன்றின் நாணை எடுத்து வேறு வழியாகத் திருப்பி விரல்களில் பொருத்தினால் அவை மறுபடி நிமிர்ந்து மடங்கும். சில வாரம் மாவுக்கட்டு. பிறகு, வேறு வேலை செய்துகொண்டிருந்த தசைக்குப் புது வேலையைக் கற்றுக் கொடுக்கும் பயிற்சி. மேரி அம்மையார் சக்கர நாற்காலியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் சென்று, இந்த நுண்ணிய வேலையைக் கற்றுத் தேர்ந்து, பலருடைய கைகளைத் திறந்து வைத்தார். ஊராரால் ஒதுக்கப்பட்டு வந்த அந்த நோயாளிகள், தங்களைத் தொட்டு வைத்தியம் செய்யும் அம்மாவுக்குத் தங்களைக் காட்டிலும் பெரிய குறை இருப்பதைக் கண்டார்கள். அவர் பேசாமலே அவர்களுக்குத் தைரியம் பிறந்தது.

இங்கே சற்று நின்று, அறுவைக்குப் பின் வரும் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் கால்பந்து பார்ப்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஆட்டத்தின் நடுவே ஒரு வீரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். மூட்டின் உள்ளே எலும்புகளைக் கட்டி நிற்கும் தசைநார் அறுந்திருக்கிறது. அவர் உடம்பிலிருந்தே ஒரு நாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அறுவை சிகிச்சை ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அவர் மைதானத்துக்குத் திரும்ப ஏறக்குறைய ஒன்பது மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சில வாரம் அசையாமல் இருந்தாலே தொடைத் தசை சூம்பிவிடுகிறது. காலை மடக்குவது, நீட்டுவது, ஊன்றுவது, படியேறுவது, ஓடுவது என்று குழந்தையைப் போல் ஒவ்வொன்றாகத் திரும்பக் கற்க வேண்டும். கத்தி செய்தது பாதி வேலை. மீதிப் பாதியை நோயாளியே வியர்வை சிந்திச் செய்கிறார். அந்த மீதிப் பாதிக்கு வழிகாட்டுவதுதான் மறுவாழ்வு மருத்துவம். புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு அதற்கென்று ஒரு படையே உடனிருக்கும். பனைமரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்த தொழிலாளிக்கு 1950-களில் நம் நாட்டில் யார் இருந்தார்கள்? கட்டிலும், கட்டிலருகே அழும் மனைவியும்தான்.

அந்தக் குறையை மேரி அம்மையார் தம் உடம்பாலேயே அறிந்திருந்தார். 1950-களின் பிற்பகுதியில் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காகச் சென்றார். தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கென அங்கே தனிப் பிரிவு நடந்து வந்தது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, குளிப்பது, உடுத்துவது எல்லாவற்றையும் பிறர் துணையில்லாமல் செய்ய அப்படிப்பட்ட இடங்களில் கற்றுக் கொடுக்கிறார்கள். விளையாட்டும் அங்கே மருந்துகளில் ஒன்று. கால் வழங்காதவர்களுக்கான காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி முதன்முதலாக 1962-ஆம் ஆண்டு அந்தப் பெர்த் நகரில்தான் நடந்தது. இந்தியாவிலோ அப்போது அப்படியொரு பிரிவை எண்ணிப் பார்த்தவர்களே குறைவு.

தாம் பெற்றதை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டுமானால் அதை முறையாகப் படிக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பவர் மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானப் படையினரைக் கவனித்த அனுபவத்தில் இத்துறையை வளர்த்தவர் அவர். உதவித்தொகை பெற்று மேரி அங்கே சென்றார். கடல் கடந்த ஊர், பனி கொட்டும் குளிர், சக்கர நாற்காலியில் தனியாக ஓர் இந்தியப் பெண். காலூன்றி நடக்கும் நாமே முதல் தடவை விடுதிக்குச் செல்லும்போது எவ்வளவு கண்ணீர் விடுகிறோம்! அவர் படிப்பை நல்லபடியாக முடித்தார். அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். சாய்தளமும் மின்தூக்கியும் அங்கே இருந்தன. வேலூரில் எங்கும் படிக்கட்டுகள்தான். ஆனாலும் அவர் வேலூருக்கே திரும்பினார்.

1963-ஆம் ஆண்டு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு அவர் தலைவரானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான். 1966-ஆம் ஆண்டு பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கியிருந்து பயிற்சி பெறும் இத்தகைய நிலையம் இந்தியாவில் அதுவே முதலாவது.

அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் வந்து தங்கிக் கற்றுக்கொள்கிறார். இதை நாம் மிகவும் மெச்சுகிறோம். ஏனெனில் ஆஸ்பத்திரியில் செவிலியர் புரட்டிப் படுக்க வைப்பார்கள். ஊருக்குப் போனபின் அதைச் செய்ய வேண்டியவர் அம்மாவோ, அக்காவோ, மனைவியோதான். தோலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகப் பயன்படுத்துவது, மடங்கும் மூட்டுகளை நீட்டிவிடுவது எல்லாம் வீட்டு வேலையாகிவிடுகிறது. வாயிற்படியில் சாய்தளம் கட்ட வேண்டும். உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு தொழிலும் கையில் இருக்க வேண்டும். அதுவும் அங்கே பயிற்சியில் அடங்கும்.

நம் வட்டாரத்தில் இதைப் படிக்கும் பெற்றோருக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரலாம். பட்டாசும் தீப்பெட்டியும் சோறு போடும் ஊர்கள் இவை. வெடி விபத்து என்றால் மாண்டவர் எண்ணிக்கையைச் செய்தித்தாள் சொல்லும். பிழைத்தவர்களைப் பற்றி மறுநாளே மறந்துவிடும். தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும்; கழுத்து தோளோடு இழுபடும். புண் ஆறிவரும் நாட்களிலேயே விரல்களை நீட்டிக் கட்டையில் வைத்துக் கட்டி, வலித்தாலும் பயிற்சி கொடுத்துவந்தால் பல கைகளைக் காப்பாற்றலாம். புண் ஆறினால் போதும் என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவதால்தான், சீப்பைப் பிடிக்கவும் பேனாவைப் பிடிக்கவும் இயலாத கைகளை நம் தெருக்களில் பார்க்கிறோம். மேரி அம்மையார் தொழுநோயாளிகளுக்குச் செய்த வேலையும் இதுவும் ஒன்றுக்கொன்று தூரமானவை அல்ல.

1972-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. துறைத் தலைமையிலிருந்து விலகிய பின்னும் அவர் வாழ்ந்தது வேலூரில்தான். 1986-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அறுபத்தோராம் வயதில் இறைவனடி சேர்ந்தார். விபத்துக்குப் பின் அவர் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் சக்கர நாற்காலியில் வாழ்ந்திருக்கிறார். உடல் ஊனமுற்றோருக்கு உரிமையும் பொது இடங்களில் வழியும் வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்தது 1995-ஆம் ஆண்டில். அது விரிவானது 2016-ஆம் ஆண்டில். அதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே அவர் படிக்கட்டுகளோடு போராடி முடித்துவிட்டார்.

பாகாயத்து நிலையத்திலிருந்து வீடு திரும்பியவர்களுக்காக அங்கே ஒரு மேளா நடக்கிறது. பல ஊர்களிலிருந்தும் குடும்பத்தோடு வந்து கூடுகிறார்கள். மருத்துவர்கள் அவர்களுடைய தோலையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்கிறார்கள். பிறகு விளையாட்டும் பாட்டுமாக இருக்கும். முன்பு அங்கே படுத்த படுக்கையாக வந்து சேர்ந்தவர்கள், புதிதாக அடிபட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்களின் கட்டிலருகே தம் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுக்கிறார்கள்.