மருந்தின் அளவறிந்த மருத்துவர்

நோய் தீர்க்கும் மருந்தே அளவு மீறினால் நஞ்சாகும். இவ்வுண்மையை உலகோர் நெடுங்காலமாகவே அறிவர். ஆயினும், ஒரு மருந்தில் நோயைத் தீர்க்கும் பொருள் எது, அதனை எவ்வளவு கொடுத்தல் வேண்டும், எப்பொழுது நிறுத்துதல் வேண்டும் என்பவற்றைப் பொறுமையோடு ஆராய்ந்து கண்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர்.

விதரிங் இங்கிலாந்து நாட்டின் சிராப்சயர் பகுதியைச் சார்ந்த வெலிங்டன் என்னும் ஊரில் 1741ஆம் ஆண்டில் பிறந்தார். அவர்தம் தந்தையாரும் மருத்துவத் தொழிலினரே. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1766இல் பட்டம் பெற்ற விதரிங், ஸ்டாபோர்டு என்னும் ஊரில் தொழில் நடத்தத் தொடங்கினார். மாணவராய் இருந்த நாளில் அவருக்குச் செடிகொடிகளைப் பற்றிய கல்வியில் சிறிதும் விருப்பம் இருந்ததில்லை. அவரிடம் மருத்துவம் பெற வந்த ஹெலினா குக்ஸ் என்னும் நங்கையார் மலர்களை ஓவியமாகத் தீட்டுவதில் வல்லவர். அவருக்காகக் காட்டுச் செடிகளைத் தேடிக் கொணர்ந்த விதரிங், நாளடைவில் அச்செடிகளிடத்தே ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார். 1772இல் ஹெலினாவை மணந்தார். 1776இல் பிரிட்டனின் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார். வெறுத்த கல்வியே பின்னர் அவர்தம் புகழுக்கு வித்தாயிற்று.

1775இல் அவர் பர்மிங்காம் நகரில் குடியேறினார். அங்கு நாள்தோறும் ஒரு மணி நேரத்தை ஏழைகளுக்கென ஒதுக்கி, பொருள் பெறாது மருத்துவம் செய்தார். ஆண்டுதோறும் 2,000 முதல் 3,000 ஏழைகள் அவரை நாடி வந்தனர்.

அக்காலத்தில் உடலில் நீர் தேங்கி வீங்கும் நோய் பலரை வாட்டியது. இதயம் தளர்ந்தமையால் இந்நோயுற்றவர்க்குக் காலும் வயிறும் வீங்கும், மூச்சுத் திணறும், படுத்து உறங்கவும் இயலாது. சிராப்சயரில் வாழ்ந்த முதியவள் ஒருத்தி, இந்நோய்க்குத் தன் குடும்பத்தார் மறைவாகக் காத்து வந்த மருந்தொன்றைக் கொடுத்து வந்தாள். கற்ற மருத்துவர் கைவிட்ட சிலரும் அதனால் நலம் பெற்றனர். அம்மருந்தைப் பற்றி 1775இல் விதரிங்கின் கருத்து கேட்கப்பட்டது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்திருந்தன. செடிகளின் இயல்பை நன்கறிந்த விதரிங், அவற்றுள் நோயைத் தீர்ப்பது பாக்ஸ்குளோவ் என்னும் ஒரு செடியே என உணர்ந்தார். கைவிரலுறை போன்ற செந்நீல மலர்களைக் கொத்தாகத் தாங்கி நிற்கும் அழகிய செடி அது. அதன் இலையோ கொடிய நஞ்சு.

செடி இன்னதெனக் கண்டதோடு அவர் பணி முடியவில்லை. உண்மையில் அப்பொழுதுதான் தொடங்கிற்று. வேரின் ஆற்றல் பருவத்திற்கேற்ப வேறுபட்டது. இலையைக் கொதிக்க வைத்த நீரின் ஆற்றலும் ஒருபடித்தாய் இருக்கவில்லை. ஆதலின், மலரும் பருவத்தில் இலைகளைப் பறித்து, காம்பையும் நடுநரம்பையும் நீக்கி, உலர்த்திப் பொடியாக்கும் முறையை மேற்கொண்டார். தொடக்கத்தில் அவர் கொடுத்த அளவு மிகுதியாகவே இருந்தது. நோயாளிகள் குமட்டலாலும் வாந்தியாலும் துன்புற்றனர். அவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இறுதியில் நாளைக்கு இருமுறை, வேளைக்கு ஒன்று முதல் மூன்று கிரெயின் பொடியே போதும் எனக் கண்டார். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். அஃதாவது அரைக் குன்றிமணி எடை!

சிறுநீர் மிகுதியாகப் பிரிந்தாலும், குமட்டல் தோன்றினாலும், வயிறு கழிந்தாலும், நாடி தளர்ந்தாலும் மருந்தை உடனே நிறுத்த வேண்டும் என அவர் விதி வகுத்தார். அளவு மீறினால் பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தோன்றும். நாடி மிகத் தளரும். உயிரும் நீங்கும் என்று எச்சரித்தார்.

ஒருமுறை யார்க்சயரைச் சார்ந்த வணிகர் ஒருவரைக் காண அவர் அழைக்கப்பட்டார். வணிகர் ஓயாது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், பார்வை மங்கியிருந்தது, நாடி நிமிடத்திற்கு நாற்பது முறையே துடித்தது. கணவரின் மூச்சிரைப்பைத் தீர்க்க எண்ணிய மனைவி, ஒரு பெரிய கைப்பிடிப் பச்சிலையை நீரிலிட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். அவர் அதனை ஒரே மூச்சில் பருகிவிட்டார். அவர் உயிர் பிழைத்தது அரிதாயிற்று. அன்பு மிக்க அம்மனைவிக்கு மருந்து தெரிந்திருந்தது, அளவு தெரியவில்லை.

இதற்கிடையே, பிற மருத்துவரும் அம்மருந்தைக் கையாளத் தொடங்கினர். அளவறியாது கொடுத்தால் மக்கள் உயிரிழப்பர். அல்லது, நல்ல மருந்தொன்று ஆபத்தானதென ஒதுக்கப்படும். இவ்விரண்டையும் அஞ்சிய விதரிங், பத்தாண்டு ஆராய்ச்சியின் பயனை 1785இல் நூலாக வெளியிட்டார். அதில் தாம் மருத்துவம் செய்த 163 நோயாளிகளின் வரலாற்றை எழுதினார். நலம் பெற்றவரை மட்டும் காட்டியிருந்தால் அவர் புகழ் பெருகியிருக்கும். அவரோ, மருந்து பயன்படாதவரையும் இறந்தவரையும் மறையாது குறித்தார். முதியவளின் குடும்பத்தார் மறைத்துக் காத்ததை அவர் உலகினர்க்கெல்லாம் பொதுவாக்கினார்.

நுரையீரல் நோயால் நெடுநாள் வருந்திய விதரிங், 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பர்மிங்காமில் உயிர் நீத்தார். எட்ஜ்பாஸ்டன் பழைய தேவாலயத்தில் உள்ள அவர்தம் நினைவுக்கல்லில் பாக்ஸ்குளோவ் செடி செதுக்கப்பட்டுள்ளது. 1930இல் அவ்வினத்தைச் சார்ந்த மற்றொரு செடியிலிருந்து டிஜாக்சின் என்னும் பொருள் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் சில இதய நோய்களுக்கு மருத்துவர் அதனை மாத்திரையாகக் கொடுக்கின்றனர். ஒரு மாத்திரையில் உள்ள மருந்து ஒரு மில்லிகிராமின் நான்கில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும். அத்துணைச் சிறிய அளவும் மிகாதபடி குருதியைச் சோதித்துப் பார்க்கின்றனர்.

மருந்து உறையின்மேல் பொருளின் பெயரும் அளவும் சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைப் படித்தறிந்து, மருத்துவர் கூறிய அளவில் மருந்தை உட்கொள்ளுதலும், உடலில் மாறுதல் தோன்றின் உடனே அவரிடம் உரைத்தலும் அனைவர்க்கும் கடன். அச்சிறிய எழுத்துகளுக்குப் பின்னே, பத்தாண்டுக் காலம் நாடி பார்த்து, கண்டவற்றையெல்லாம் உண்மை பிறழாது எழுதிவைத்த விதரிங் போன்றோரின் உழைப்பு நிற்கின்றது.