புழுவுக்குள் பிறந்த நண்பன்

கரிசல் பருத்தியில் எறும்பினும் சிறிய குளவியைக் கண்டால், பகையென்றெண்ணி மருந்தடிப்போர் உண்டு. அது பயிர் தின்னும் புழுவுக்குள் முட்டையிட்டு, அப்புழுவையே அழிக்கும் உழவனின் நண்பன். தென்னாட்டில் இவ்வுண்மையை ஆய்ந்துரைத்த முன்னோடிகளுள் ஒருவர் டி. வி. இராமகிருஷ்ண அய்யர். கோவையில் பிளெட்சரிடம் பணியாற்றிய அவர், பின்னர் சென்னை மாகாண அரசின் பூச்சியியல் அறிஞராய் உயர்ந்தார். எப்புழுவில் எக்குளவி பிறந்தது என்று பட்டியலிட்டார். 1940-ல் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகள் பற்றிய அவரது கைநூல் வெளிவந்தது.

இன்று நாம் கைப்பேசிப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறோம். உணர்கொம்பின் கணுக்களும் சிறகின் நரம்புகளும் தெரியாத படம் இனத்தைச் சொல்லாது. மாணவ நண்பர்களே! புழுவையும் வளர்த்து, பிறந்த குளவியையும் குறித்து வைப்போம். அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றி.