பிரித்துப் பார்த்தே பொறியாளரான ஜி.டி. நாயுடு

கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான் வீடுகளில் வார இறுதியில் அடிக்கடி காணும் காட்சி இது. கார் பானட் திறந்திருக்கும். தரையில் பழைய நாளிதழை விரித்து, அதில் போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஹாஃப்-கட் கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு பழைய டர்போ. ஜப்பானில் ஓடி முடித்த காரிலிருந்து கழற்றிய அந்தப் பாகத்தை இங்குள்ள காருக்குப் பொருத்திக்கொண்டிருப்பவர், பொறியியல் வகுப்பில் ஒரு நாளும் உட்கார்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. அண்ணனிடமோ மாமாவிடமோ பட்டறையில் நின்று கற்றுக்கொண்டவராக இருப்பார்.

இப்படிக் கற்பவர்களைப் படிப்பு ஏறாதவர்கள் என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. அப்படிச் சொல்லத் தோன்றும்போதெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டிய தமிழ்நாட்டு மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு.

பள்ளிக்கு ஒத்துவராத பிள்ளை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில், வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியைக்கூட முடிக்காமல் பள்ளியை விட்டு வெளியேறி, குடும்ப நிலத்தில் வேலை பார்க்கத் தொடங்கினார்.

ஆனால், படிப்பின் மீது அவருக்கு வெறுப்பு இருந்ததில்லை. கைக்குக் கிடைத்த புத்தகங்களைத் தாமாகவே படித்தார். அடுத்தவர் சொல்லிக் கொடுப்பதை மனப்பாடம் செய்வதைவிட, எதையும் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இருந்தது. அந்தப் பிடிவாதத்திற்கு ஒரு வழி காட்டியது ஒரு மோட்டார் சைக்கிள்.

ஓட்டுவதற்கு முன் பிரித்தார்

அந்நாளில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் கிராமத்துப் பக்கம் வந்து போவார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதைக் கண்ட இளைஞர் நாயுடுவுக்கு அது பெரும் புதிராக இருந்தது. அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

கையில் பணம் இல்லை. கோயம்புத்தூருக்குச் சென்று உணவகம் ஒன்றில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சம்பளத்தைச் சேமித்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வரத்தான் எவருக்கும் தோன்றும். நாயுடுவோ முதலில் அதைப் பாகம் பாகமாகப் பிரித்தார். எது எதோடு சேர்கிறது, எது நின்றால் எது நிற்கும் என்று பார்த்துப் பார்த்து மறுபடியும் பூட்டினார். ஆசிரியரும் பட்டறையும் இல்லாத அந்தப் பயிற்சிதான் அவருக்கு முதல் பொறியியல் வகுப்பு. அதன்பின் அவர் ஒரு மெக்கானிக்.

பஞ்சில் இழந்தார், பேருந்தில் எழுந்தார்

முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிய நாயுடு நல்ல லாபம் பார்த்தார். அந்த நம்பிக்கையில் பம்பாய்க்குச் சென்று பெரிய அளவில் பஞ்சு வணிகம் செய்தார். அங்கே சேர்த்ததையெல்லாம் இழந்து ஊர் திரும்பினார்.

வெறுங்கையோடு வந்தவருக்குத் துணை நின்றவர் கோயம்புத்தூரின் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். நாயுடுவின் கைத்திறனை அறிந்திருந்த அவர், ஒரு பேருந்து வாங்கக் கடனுதவி செய்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது. முதலாளியும் ஓட்டுநரும் பழுது பார்ப்பவரும் நாயுடு ஒருவரே.

ஒற்றைப் பேருந்தில் தொடங்கியது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற நிறுவனமாக வளர்ந்தது. 1933 வாக்கில் அதனிடம் 280 பேருந்துகள் இருந்தன. வண்டிகளின் பழுதைத் தங்கள் பட்டறையிலேயே பார்த்துக்கொள்ளும் வழக்கமும் அதோடு வளர்ந்தது. எஞ்சின் சுவரில் உள்ள குறையைக் கண்டறியும் கருவி ஒன்றும் அந்தப் பட்டறை அனுபவத்திலிருந்து பிறந்தது.

கப்பலில் வந்ததை இங்கேயே செய்தார்

அந்தக் காலத்தில் எந்த இயந்திரமும் கடல் கடந்துதான் வரவேண்டும். ஒரு பாகம் உடைந்தால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த நிலையை மாற்ற நாயுடு விரும்பினார். பீளமேட்டில் நியூ எனப்பட்ட நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் உருவானது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவின் உழைப்போடு இந்தியாவின் முதல் மின் மோட்டார் அங்கே தயாரானது. பிற்காலத்தில் பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் கோயம்புத்தூர் பெயர் பெற்றதற்கு அடித்தளம் இட்ட முயற்சிகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

ஐரோப்பாவுக்குப் பலமுறை சென்ற நாயுடு, அங்குள்ள ஆலைகளைக் கூர்ந்து பார்த்து வந்தார். உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டார் வைத்த சவரக் கருவியை உருவாக்கினார். ரேசன்ட் என்பது அதன் பெயர். மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப் பதிவுக் கருவி என்று அவர் பட்டியல் நீள்கிறது. வேளாண்மையையும் விட்டுவைக்கவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் புதிய ரகங்களுக்காகச் சோதனைகள் செய்தார்.

இவற்றில் பெரும்பாலானவை சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையை மனத்தில் வைத்துச் செய்தவை. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். ஆனால், தொடர்ந்து தயாரிக்க அரசாங்கம் உரிமம் தர மறுத்துவிட்டதால் அந்தக் கார் அத்தோடு நின்றுபோனது. செய்யத் தெரிந்த கைகள் இருந்தும் அனுமதித் தாள் இல்லாததால் ஒரு தொழில் முளையிலேயே கருகியது.

நான்கு ஆண்டுகள் ஏன்?

தாளுக்கும் திறமைக்கும் இடையிலான இந்த மோதல் நாயுடுவுக்குப் புதிதன்று. அதன் பெரிய களம் கல்வியாக இருந்தது.

1944இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிய அவர், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களின் நலனுக்கும் நிதி ஒதுக்கினார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. 1945இல் நாயுடுவே கல்லூரி முதல்வரானார். தொடக்கப் பள்ளியையே முடிக்காத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்!

அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. பாடத்தில் தேவையற்றதைக் குறைத்து, பட்டறையில் கைவேலையைக் கூட்ட வேண்டும் என்று வாதாடினார். ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. பதவியைத் துறந்து வெளியேறினார். அந்தக் கல்லூரிதான் பின்னர் இடம் மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. பழைய இடம் இருந்த பகுதியைக் கோயம்புத்தூர் மக்கள் இப்போதும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கிறார்கள்.

பொறியியலை இரண்டு ஆண்டுகளில் முடித்துவிட முடியுமா என்பது விவாதத்திற்குரியது. பாலம் கட்டவும் மின்நிலையம் நடத்தவும் ஆழ்ந்த கணக்கும் அறிவியலும் வேண்டும். அதே வேளையில், கையால் செய்து பார்க்காத படிப்பு அரைகுறை என்று நாயுடு சொன்னதை மறுக்க முடியாது.

பட்டறைக்கு அவர் விட்டுச் சென்ற பாடம்

தாமான் வீட்டு டர்போவிடம் திரும்பி வருவோம். டர்போவுக்கான காப்புரிமையைச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி பெற்றது 1905இல். நாயுடு அப்போது சிறுவர். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. கூடுதல் காற்று கிடைப்பதால், சிறிய எஞ்சினிலும் கூடுதல் சக்தி.

அந்தத் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. ஆகவே, டர்போ கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய் போதாமை, அழுக்கான எண்ணெய் அல்லது உள்ளே புகுந்த ஏதேனும் ஒரு துகள். எண்ணெய் வரும் குழாய் கரி படிந்து அடைத்திருக்க, டர்போவை மட்டும் மாற்றினால், புதிதாகப் போட்டதும் சில நாளில் போய்விடும். ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் எதை மாற்றியும் பயனில்லை.

பழைய டர்போவை வாங்கும்போதும் அதே கவனம் வேண்டும். பாக எண் பொருந்துகிறதா, தண்டு முன்னும் பின்னும் ஆடுகிறதா, சக்கர இதழ்கள் உறையில் உரசிய தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருத்தும்போது புதிய கேஸ்கெட், புதிய எண்ணெய், புதிய ஃபில்டர். எஞ்சினை முடுக்கும் முன் டர்போவுக்குள் எண்ணெய் ஊற்றி நனைத்துவிட வேண்டும். எஞ்சினையே மாற்றுவதானால் ஜேபிஜே ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் கட்டாயம்.

இந்தப் பொறுமைதான் ரட்ஜ் வண்டியைப் பிரித்த நாயுடுவிடம் இருந்தது. கழற்றுவது எல்லாருக்கும் முடியும். கழற்றியதைப் புரிந்துகொண்டு பூட்டுகிறவரே மெக்கானிக்.

கைத்திறனுக்கும் சான்றிதழ் உண்டு

நாயுடுவுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு இன்று மலேசியாவில் இருக்கிறது. பட்டறை அனுபவம் உள்ளவர்கள், வகுப்பில் சேராமலேயே, தாங்கள் செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பெற முடியும். திறன் மேம்பாட்டுத் துறையின் பிபிடி என்னும் முன் அனுபவ அங்கீகார முறை இதற்கு வழி செய்கிறது. இளம் வயதிலேயே பட்டறைக்கு வந்து, பல ஆண்டுகளாகக் கை கறுக்க உழைத்தும் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லாதவர்கள் தோட்டப்புறத்திலும் நகரிலும் இருக்கிறார்கள். வேலை மாற்றம், சம்பள உயர்வு, சொந்தப் பட்டறைக்குக் கடன் என்று வரும்போது அந்தத் தாள் இல்லாத குறை தெரியும். தாள் இல்லாமல் ஒரு காரையே இழந்தவர் நாயுடு என்பதை நினைத்தால், இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்பது புரியும்.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4ஆம் நாள் காலமானார். கோயம்புத்தூர் அவினாசி சாலையில் உள்ள கண்காட்சிக் கூடத்தில் அவர் உருவாக்கிய கருவிகளை இன்றும் காணலாம். 2025இல் அதே சாலையில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மேம்பாலத்திற்கு அவர் பெயர் வைக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா செல்பவர்கள் கோயில்களோடு இந்தக் கண்காட்சிக்கும் ஒரு அரைநாள் ஒதுக்கலாம். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு ஸ்பானரைத் தூக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அவனையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.