பெந்தாமின் உடலும் அநாதைப் பிரேதங்களும்

நமது பிள்ளைகள் சரித்திரப் பாடத்திலே கோல்புறூக் – கமறன் சீர்திருத்தத்தைப் படித்திருப்பார்கள். அவ்விருவருள் கமறன் என்பவர், ஜெரமி பெந்தாம் என்னும் ஆங்கில அறிஞரின் கொள்கையைப் பின்பற்றியவர். அந்தப் பெந்தாமின் பெயர் இலண்டன் ஏழைகளின் சாவோடும் பிணைந்திருக்கிறது.

1748இல் இலண்டனிலே பிறந்த பெந்தாம், 12 வயதிலேயே ஒக்ஸ்போட் சென்றவர். சட்டம் கற்றும் வழக்காடப் போகவில்லை. சட்டங்களைத் திருத்துவதிலேயே ஆயுளைக் கழித்தார். சமயத்தில் அவருக்குப் பற்றில்லை.

அக்காலத்தில் வைத்திய மாணவர் அறுத்துப் படிப்பதற்கு, தூக்கிலிடப்பட்ட கொலைஞரின் சடலங்களே சட்டப்படி கிடைத்தன. அவை போதவில்லை. இரவிலே புதைகுழிகளைத் தோண்டிப் பிரேதங்களைத் திருடி விற்போர் பெருகினர். பணக்காரர் இரும்புப் பெட்டியில் அடக்கமாகித் தப்பினர். ஏழைகளின் பொதுக்குழிகளே எளிதில் அகப்பட்டன. 1828இல் எடின்பரோவிலே பேக், ஹெயர் என்ற இருவர் 16 பேரைக் கொன்றே விற்றார்கள்!

வைத்தியசாலையில் இறந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாமென 1826இலேயே பெந்தாம் சட்டவரைவு எழுதி அமைச்சர் றொபேட் பீலுக்கு அனுப்பியிருந்தார். பிறருக்குச் சொன்னதைத் தாமும் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தம் உடலையும் அறுப்பதற்கென்றே எழுதிவைத்தார். 1832 யூன் 6ஆம் திகதி, 84 வயதில் இறந்தார். மூன்று நாள் கழித்து, நண்பரான வைத்தியர் சவுத்வூட் சிமித் அவ்வுடலை அறுத்துப் பாடம் நடத்தினார். எலும்புக்கூடு அவருடைய உடையோடும் மெழுகுத் தலையோடும் இலண்டன் யுனிவேர்சிற்றிக் கல்லூரியிலே கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.

இரண்டு மாதம் செல்லுமுன் உடற்கூற்றுச் சட்டம் நிறைவேறியது. கொலைஞரை அறுக்கும் தண்டனையை அது நீக்கியது. அவர்களுடைய இடத்துக்கு ஏழைகள் விடுதியில் இறந்தோர் வந்தார்கள். கேட்பாரற்றவர் என்றால் உறவினர் இல்லாதவர் மட்டுமல்லர். பெட்டிக்கும் குழிக்கும் காசில்லாமல் உறவினர் கைவிட்டவர்களும் அதில் அடங்கினர். விரும்பாதவர் இறுதி நோயின்போது இரு சாட்சிகள் முன் மறுத்துச் சொல்லலாம் என்று சட்டத்தில் இருந்தது. எழுத்தறியாமல், நினைவு தப்பிக் கிடக்கும் ஏழைக்கு அதை யார் எடுத்துச் சொல்லுவார்? அறுத்தபின் அவரவர் சமயத்துக்குரிய மயானத்தில் அடக்கவேண்டும் என்ற விதி ஒன்றே ஆறுதல்.

ஏழைத் தாய்மார் அதற்குத் தாமே ஒரு வழி கண்டார்கள். வீட்டில் உணவு குறைந்தாலும், மரண உதவிச் சங்கத்துக்குக் கிழமைதோறும் சில பென்னிகளைத் தவறாமற் கட்டிவந்தார்கள்.