வெட்டப்பட்ட பத்து நிமிஷம்: சாம் பெக்கின்பாவின் கதை

மூணு மாசம் ராத்திரி பகல் பார்க்காம ஒரு ப்ராஜெக்ட் முடிக்கிறீங்க. சப்மிட் பண்ணியாச்சு, எல்லாரும் பாராட்டியாச்சு. ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, உங்களைக் கேட்காமலே யாரோ நடுவுல பத்து பக்கத்தை உருவிட்டு, அட்டையில உங்க பேரை மட்டும் அப்படியே விட்டு வச்சிருக்காங்க. எப்படி இருக்கும்?

இது ஒரு மனுஷனுக்குத் திரும்பத் திரும்ப நடந்தது. அவர் பெயர் சாம் பெக்கின்பா. கௌபாய் படம்னு நாம சொல்ற ஹாலிவுட் வெஸ்டர்னின் போக்கையே மாற்றிய டைரக்டர்.

1925 பிப்ரவரி 21 அன்று கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் பிறந்தார். வக்கீல் குடும்பம். தாத்தா டென்வர் சர்ச் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தாத்தாவுக்கு மலையடிவாரத்தில் ஒரு பெரிய பண்ணை இருந்தது. குதிரை சவாரி, வேட்டை என்று சாமின் சின்ன வயசு பாதி அங்கேதான் கழிந்தது. பழைய மேற்கு அமெரிக்காவின் கடைசி ஆட்களை அவர் புத்தகத்தில் படிக்கல, நேரில் பார்த்து வளர்ந்தார். பின்னாடி அவர் எடுத்த படங்களில் காலம் மாறிப்போனதைப் புரிஞ்சுக்கிட்டும் மாற முடியாத கிழட்டுக் கௌபாய்கள் வருவதற்கு இதுதான் வேர்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மரைன் படையில் சேர்ந்தார். போர் முடிந்த 1945இல், ஜப்பானிய வீரர்களின் ஆயுதங்களை வாங்கி ஊருக்கு அனுப்பும் வேலைக்காகச் சீனாவுக்குப் போனார். திரும்பி வந்து நாடகம் படித்தார். டான் சீகல் என்ற டைரக்டரிடம் உதவியாளராகத் தொழில் கற்றார். அப்புறம் டிவி. கன்ஸ்மோக், தி ரைஃபிள்மேன் தொடர்களுக்கு எழுதி, தி வெஸ்டர்னர் என்ற சொந்தத் தொடரையும் உருவாக்கினார். 1962இல் வந்த ரைட் தி ஹை கன்ட்ரிதான் அவரைக் கவனிக்க வைத்த படம்.

அடுத்த படத்திலேயே சண்டை ஆரம்பிச்சது. 1965இல் வந்த மேஜர் டண்டீ. மெக்ஸிகோவில் ஷூட்டிங், பட்ஜெட் எகிறியது, ஸ்டூடியோ அவரைத் தூக்கப் பார்த்தது. டைரக்டரை வச்சுக்கோங்க, என் சம்பளத்தை விட்டுத் தர்றேன்னு ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டன் முன்வந்தார். கொலம்பியா ஸ்டூடியோ கூச்சப்படாமல் அதை ஏத்துக்கிச்சு. ஆனாலும் படத்தை டைரக்டர் கையிலிருந்து பிடுங்கி, வெட்டித்தான் வெளியிட்டது. அதோட நிக்கல. அடுத்து கிடைத்த தி சின்சினாட்டி கிட் படத்திலிருந்து, ஷூட்டிங் தொடங்கிய சில நாட்களிலேயே நீக்கப்பட்டார். அதுக்கப்புறம் சில வருஷம் சினிமா டைரக்ட் பண்ற வேலையே கிடையாது.

1968இல் மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. மெக்ஸிகோவின் பாராஸ் ஊர்ப்பக்கம் போய் எடுத்த அந்தப் படம்தான் தி வைல்ட் பன்ச்.

கதை நடப்பது 1913இல். வயசான ஒரு கொள்ளைக் கூட்டம், தலைவன் பைக். அவர்களைத் துரத்துபவன் பைக்கின் பழைய நண்பன் தார்ன்ட்டன். மோட்டார் காரும் மெஷின் கன்னும் வந்துவிட்ட காலத்தில் குதிரையில் திரியும் ஆட்களுக்கு இனி இடமில்லை. அவ்வளவுதான் கதை. ஆனா அதை அவர் எடுத்த விதம்தான் எல்லாரையும் உலுக்கியது.

இதில் நம்மளை மாதிரி ஆட்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. சினிமா கேமரா சாதாரணமாக ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும். 120 ஃபிரேம் எடுத்து, அதை 24 வேகத்தில் ஓட்டினால் ஒரு நொடி ஐந்து நொடியாக நீளும். இது முன்னாடியே தெரிந்த கணக்குதான். பெக்கின்பா செய்தது என்னன்னா, ஒரே காட்சியை வெவ்வேறு வேகத்தில் ஓடும் பல கேமராக்களை வைத்து எடுத்தார். எடிட்டர் லூ லொம்பார்டோ அந்தத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தார். ஒருத்தன் கூரையிலிருந்து மெதுவாக விழ ஆரம்பிப்பான். அவன் தரையைத் தொடுவதற்குள் வேறு நாலு பேர் முழு வேகத்தில் சுடப்பட்டிருப்பார்கள். நேரம் நீளவும் செய்யும், சுருங்கவும் செய்யும். இன்னிக்கு ஆக்ஷன் படங்களில் சாதாரணமாகப் பார்க்கும் ஸ்லோ மோஷன் சண்டைகளுக்கெல்லாம் இந்தப் படம் ஒரு பெரிய வழிகாட்டி. ஜான் வூ போன்றவர்கள் இங்கிருந்துதான் பாடம் படித்தார்கள்.

1969 ஜூனில் படம் ரிலீஸ். ஓடிய நேரம் 145 நிமிஷம். சிலர் கொண்டாடினார்கள், சிலர் இவ்வளவு ரத்தமா என்று எழுந்து போனார்கள். சில வாரத்துக்குள் வார்னர் பிரதர்ஸ்-செவன் ஆர்ட்ஸ் ஸ்டூடியோ, டைரக்டருக்குத் தெரியாமலே சுமார் பத்து நிமிஷத்தை அமெரிக்கப் பிரிண்ட்களிலிருந்து வெட்டியது. படம் சின்னதானால் ஒரு நாளைக்குக் கூடுதல் காட்சி ஓட்டலாம். காரணம் அதுதான்.

வன்முறையைத்தானே வெட்டியிருப்பாங்கன்னு நினைப்பீங்க. இல்ல! பெரிய துப்பாக்கிச் சண்டைகள் அப்படியே இருந்தன. போனதில் பெரும்பாலானவை அமைதியான இடங்கள். பைக்கும் தார்ன்ட்டனும் ஏன் பிரிந்தார்கள், பைக்கின் காலில் அந்தக் காயம் எப்படி வந்தது, அவன் காதலித்த பெண் என்ன ஆனாள் என்பதையெல்லாம் சொல்லும் பழைய நினைவுகள். அவை போனதும் மனுஷங்க போய் ரத்தம் மட்டும் மிஞ்சியது. வெறும் வன்முறைப் படம் எடுப்பவர் என்ற பேருக்கும் அந்தக் கத்தரி உதவியது.

1973இல் பேட் கேரட் அண்ட் பில்லி தி கிட் எடுத்தபோது நிலைமை இன்னும் மோசம். லென்ஸைக் கேமராவில் பொருத்தும் வளையம் ஒன்று கோணலாக இருந்ததால், எடுத்த காட்சிகளில் ஃபிரேமின் ஒரு பகுதி மங்கலாகிவிட்டது. திரும்ப எடுக்க எம்.ஜி.எம். ஸ்டூடியோ சம்மதிக்கல. யூனிட் திருட்டுத்தனமாகத்தான் மீண்டும் எடுத்தது. கடைசியில் எடிட்டிங்குக்கும் போதுமான நேரம் தராமல், ஸ்டூடியோ தானே 106 நிமிஷமாக வெட்டி வெளியிட்டது. பெக்கின்பா அந்த வடிவத்தைத் தன் படமாக ஏற்கவே இல்லை.

எல்லாத் தப்பும் ஸ்டூடியோ மேலதான்னு சொன்னா அது பொய். குடி அவரைத் தின்றது, பின்னாடி கொக்கெய்னும் சேர்ந்தது. கூட வேலை செய்தவர்களைத் திட்டினார், துரத்தினார், நம்பியவர்களையே பகைத்துக்கொண்டார். 1971இல் எடுத்த ஸ்ட்ரா டாக்ஸ் படத்தில் பெண்ணைக் காட்டிய விதத்துக்காக எழுந்த விமர்சனம் இன்று வரை ஓயவில்லை. பிரிட்டனில் 1984 முதல் 2002 வரை அந்தப் படத்தை வீடியோவில் விற்க அனுமதியே கிடைக்கல. 1979இல் மாரடைப்பு வந்தது. 1984 டிசம்பர் 28 அன்று, 59 வயதில் இறந்தார். கடைசியாகச் செய்த வேலை, ஜூலியன் லென்னனுக்கு எடுத்துக் கொடுத்த மியூசிக் வீடியோக்கள்.

கதை இங்கே முடிந்திருக்கணும். முடியல. ஏன்னா, வெட்டுவதற்கு முந்தைய பிரதிகள் எங்கேயோ பத்திரமாக இருந்தன.

1988இல் பேட் கேரட்டின் 122 நிமிஷ ப்ரிவியூ வடிவம் வெளியே வந்தது. தோல்விப்படம் என்று ஒதுக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வைல்ட் பன்ச்சின் 145 நிமிஷ வடிவத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவர 1993இல் முயன்றபோது, தணிக்கையில் 17 வயசுக்கு உட்பட்டவங்க பார்க்கவே கூடாது என்ற சான்றிதழைக் கொடுத்தார்கள். திரும்பச் சேர்த்தது பெரும்பாலும் அமைதியான காட்சிகளைத்தான் என்பதை நினைச்சா சிரிப்புதான் வரும். மேல்முறையீடு செய்து, 1995இல் படம் மறுபடி திரைக்கு வந்தது. 2005இல் மேஜர் டண்டீ 136 நிமிஷமாக மீண்டது. 2006இல் அவருடைய நாலு வெஸ்டர்ன் படங்கள் ஒரே டிவிடி பெட்டியாக வந்தன.

ஆனா ஒரு சிக்கல் தீரவே இல்லை. பேட் கேரட்டின் ப்ரிவியூ வடிவம் முழுசாகச் செதுக்கி முடித்தது அல்ல. அதனால் 2006 டிவிடியில் பால் சேடோர் தொகுத்த 115 நிமிஷ வடிவம் ஒன்றும் சேர்ந்தது. 2024இல் கிரைட்டீரியன் வெளியீட்டில் 117 நிமிஷத்தில் இன்னொன்று வந்தது. எது சரி என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் உயிரோடு இல்லை. பிரதியைக் காப்பாற்றலாம், அவர் எடுக்காமல் போன கடைசி முடிவை யாரும் எடுத்துத் தர முடியாது.

இந்த லீவுல வைல்ட் பன்ச் பார்க்கிறதா இருந்தா, முதல்ல ஓடும் நேரத்தைப் பாருங்க. 145 என்றால் முழுப்படம். பழைய பால் முறை டிவிடியில் 139 என்று இருந்தாலும் பயப்படாதீங்க. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை 25இல் ஓட்டுவதால் வரும் வித்தியாசம் அது, எதுவும் வெட்டுப்படல. 135 பக்கம் இருந்தா மட்டும் மூடி வச்சிடுங்க. அது அவர் கொடுத்த படம் இல்லை.