எல்லாப்பிரகத சுப்பாராவ்

எல்லாப்பிரகத சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 8, 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்த முதல் மருந்துகளுள் ஒன்றான அமினோப்டெரின் இவரது தலைமையின் கீழ் இயங்கிய ஆய்வுக் குழுவினரால் உருவாக்கப்பட்டது.

இளமையும் கல்வியும்

சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் (இன்றைய ஆந்திரப் பிரதேசம்) பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்தமையால் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளானார். இதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. ஸ்புரூ என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தார். தாமும் அந்நோயால் துன்புற்றார்.

ஆய்வுப் பணி

1920களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளவிடும் முறையை உருவாக்கினார் (1925). தசைகளில் பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகியவற்றையும் இருவரும் கண்டறிந்தனர். 1940ஆம் ஆண்டு லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு இவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்புரூ நோயாளிகளுக்கு அது பயனளித்தது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் இவரது குழுவின் ஆக்கமே.

குருதிப் புற்றுநோய் மருந்து

பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைகள் குருதிப் புற்றுநோயை விரைவுபடுத்துவதாகக் கருதினார். எனவே அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் பொருள்களை நாடினார். சுப்பாராவின் குழு அளித்த அமினோப்டெரினைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் தோன்றியதாக 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. அம்முன்னேற்றம் நிலைக்கவில்லை, நோய் மீண்டது. எனினும் மருந்தால் இந்நோயைத் தணிக்க இயலும் என்பது உறுதியாயிற்று. அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட், பிற மருந்துகளுடன் சேர்த்து இன்றும் வழங்கப்படுகிறது.

நோய் எதிர்ப்பாற்றலில் விளைவு

உயிரணுக்கள் பிரிவதற்கு வேண்டிய டி.என்.ஏ.வை உருவாக்க ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. இம்மருந்துகள் அதன் பயன்பாட்டைத் தடுத்துப் புற்று அணுக்களின் பெருக்கத்தை நிறுத்துகின்றன. ஆனால் எலும்பு மச்சையில் விரைந்து பிரியும் நலமான அணுக்களும் உடன் பாதிக்கப்படுகின்றன. வெள்ளையணுக்கள் குறைந்து நோய் எதிர்ப்பாற்றல் தளர்வதால் நோயாளி எளிதில் தொற்றுக்கு ஆளாகக்கூடும். எனவே மருத்துவத்தின்போது குருதி அணுக்களின் எண்ணிக்கை அடிக்கடி சோதிக்கப்படுகிறது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் இப்பண்பு பயனும் தருகிறது. அவ்வாற்றல் தன் உடலையே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு மெத்தோட்ரெக்சேட் குறைந்த அளவில் கொடுக்கப்படுகிறது.

மறைவு

ஃபார்பரின் அறிக்கை வெளியாகி ஏறத்தாழ இரண்டு மாதங்களில், தமது 53ஆம் அகவையில் சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். இவரது நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டு இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைப் பேரினத்துக்குச் சுப்பாரோமைசிஸ் என இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.