நேருவையும் விட்டுவைக்காத தூரிகை

கேலிச்சித்திரக் கலைஞர் சங்கரைப் பற்றி எண்ணும்போதெல்லாம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமமும் என் நினைவுக்கு வரும். 1929-இல் ராஜாஜி அங்கிருந்து 'விமோசனம்' இதழைத் தொடங்கினார். கல்கி அவருக்குத் துணை நின்றார். மதுவின் கேட்டைக் கதையாலும் படத்தாலும் எளிய மக்களிடம் கொண்டு சென்ற இதழ் அது. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, மலையாள இளைஞர் ஒருவர் தில்லியில் படத்தையே தலையங்கமாக்கத் தொடங்கினார்.

கேசவ சங்கர பிள்ளை 1902 ஜூலை 31 அன்று காயங்குளத்தில் பிறந்தார். வகுப்பில் உறங்கிய ஆசிரியரை வரைந்து தலைமையாசிரியரின் கோபத்துக்கு ஆளானதிலிருந்து அவரது கலை வாழ்க்கை தொடங்குகிறது. திருவனந்தபுரத்தில் பட்டம் பெற்றுச் சட்டம் பயில மும்பை சென்றார்; சட்டப் படிப்பு பாதியில் நின்றது. அங்குள்ள பத்திரிகைகளில் அவர் வரைந்த படங்கள் போத்தன் ஜோசப்பின் கவனத்தை ஈர்க்க, 1932-இல் 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழில் சேர்ந்தார்.

பின்னர் அந்நாளிதழின் பொறுப்பை ஏற்ற தேவதாஸ் காந்தி, நம் சேலத்து ராஜாஜியின் மருமகன். ஜின்னாவைப் பற்றிய படமொன்றைக் கண்டு காந்தியடிகளே சங்கருக்குக் கண்டிப்பான கடிதம் எழுதினார். பிறரைப் புண்படுத்தாமல் நகைக்கத் தெரியாவிட்டால் தொழிலில் உயர முடியாது என்பது அதன் சாரம். காந்தியடிகளின் அளவுகோல் சற்றுக் கடுமையானது என்பதே என் எண்ணம். யாரையும் உறுத்தாத கேலிச்சித்திரம் உப்பில்லாப் பண்டம்தான்.

1946-இல் அங்கிருந்து விலகிய அவர், 1948 மே மாதம் 'சங்கர்ஸ் வீக்லி' இதழைத் தொடங்கினார். அதை வெளியிட்ட பிரதமர் நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது பலரும் அறிந்த செய்தி. சங்கரும் விட்டுவைக்கவில்லை. ஓ.வி. விஜயன், அபு ஆபிரகாம், குட்டி, ரங்கா எனப் பின்னாளில் புகழ்பெற்ற பலர் அவரது நிழலில் வளர்ந்தவர்கள். தாமே நன்கு வரையத் தெரிந்த ஆசிரியர், பிறர் வரைந்ததற்கும் இடம் தருவது எளிதன்று.

1964 மே 17 அன்று வெளியான படம் ஒன்று. மெலிந்து தளர்ந்த நேரு, கையில் தீப்பந்தத்துடன் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஓடுகிறார். பின்னால் நந்தா, சாஸ்திரி, மொரார்ஜி, கிருஷ்ண மேனன், இந்திரா காந்தி. பத்தே நாள்களில் நேரு மறைந்தார். நண்பரின் தளர்ச்சியை இத்தனை வெளிப்படையாக வரைய, நட்பைவிடத் தொழிலை மதிக்கும் மனம் வேண்டும்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. அப்போது நான் கல்லூரி மாணவன். சேலத்து வாசகசாலையில் பெரியவர்கள் நாளிதழைப் பிரித்து, ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துவிட்டுப் போவார்கள். ஆகஸ்ட் 31-ஆம் தேதி இதழோடு சங்கர் தமது வார இதழை மூடினார். சர்வாதிகாரத்தால் சிரிப்பைத் தாங்கிக்கொள்ள இயலாது என்றும், இட்லரின் காலத்தில் நல்ல கேலிச்சித்திரம் ஒன்றுகூடத் தோன்றவில்லை என்றும் விடைபெறும் தலையங்கத்தில் எழுதினார். எவரையும் பெயர் சொல்லித் தாக்கவில்லை. புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அடுத்த ஆண்டே, 1976-இல், அதே அரசு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கியது. அவர் ஏற்றுக்கொண்டார். இது என்னை நெடுநாள் உறுத்தியதுண்டு. ஆனால், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் வேறொன்றையும் பார்க்கிறேன். அப்போது அவர் தோளில் குழந்தைகளுக்கான ஒரு பெரும் நிறுவனம் இருந்தது. 1949-இல் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி மறு ஆண்டே பன்னாட்டுப் போட்டியானது. 1957-இல் நேருவின் ஆதரவுடன் குழந்தைகள் புத்தக அறக்கட்டளை உருவாயிற்று. ஹங்கேரியத் தூதர் பரிசளித்த ஒரு பொம்மையில் தொடங்கிய ஆர்வம், 1965-இல் பொம்மை அருங்காட்சியகமாக வளர்ந்தது. நல்ல தாளில், பல வண்ணத்தில், ஏழை வீட்டுப் பிள்ளையும் வாங்கும் விலையில் படப் புத்தகம் என்பது அன்றைய சந்தை தானாகத் தந்திருக்கக்கூடிய பண்டமன்று. அத்தகைய பணியைச் சுமந்தவர் அரசோடு முற்றாக முறித்துக்கொள்ள இயலாது. விருதை மறுத்திருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ஏற்றதற்காக அவரைக் குறை கூறவும் மனம் வரவில்லை.

1989 டிசம்பர் 26 அன்று சங்கர் காலமானார். ஆயினும், வழக்கு ஓயவில்லை. அரசமைப்புச் சட்டம் நத்தையாய் நகர, அதன்மேல் அம்பேத்கர் சாட்டையோடு அமர்ந்திருக்க, பின்னால் நேருவும் சாட்டையை ஓங்குவதாக 1949-இல் அவர் வரைந்த படம், பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. 2012-இல் அதற்கு எதிராக நாடாளுமன்றம் கொதித்தது. அரசு வருத்தம் தெரிவித்தது. சாட்டை என்றதும் தலைமுறைகளின் வடு நினைவுக்கு வருவோரின் சினத்தை நான் மறுக்க மாட்டேன். அந்தச் சினத்தையும் சேர்த்தே அப்படத்தை வகுப்பில் விவாதித்திருக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அது புரியாதென்று தில்லியில் முடிவு செய்தவர்கள், நாமக்கல் பக்கத்து வகுப்பறை எதிலும் அமர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.